அக்காவுடன் தேநீர் குடித்தவர்

மருத்துவமனைப் படுக்கை விரிப்பை இஸ்திரி இயந்திரத்துக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே நேரத்தில் விறைப்பாக இழுத்து, சூடான உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொள்ளும். பிந்தினால் விரலைச் சுட்டுக்கொள்வாள். அந்தச் சலவைக்கூடத்தில் எந்த ஜோடியும் சண்டை இல்லாமல் ஒரு மாதம் தாங்காது என்பதால் மேஸ்திரி ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார். அக்காவையும் தங்கையையும் மட்டும் அவர் மாற்றவில்லை. அவர்கள் சண்டை போடாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் உருளை சூடேறும்போது தொடங்கினால் மாலையில் அதை அணைக்கும்வரை வாய் ஓயாது. ஆனால் கை மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை.

பெரியவள், சின்னவள் என்றுதான் அவர்களை எல்லோரும் அழைத்தார்கள். பெரியவளுக்கு சாட்சியக்கா என்று இன்னொரு பெயரும் உண்டு. கேலியாக ஆரம்பித்த பெயர்தான். யாராவது வைத்த சாப்பாட்டு டப்பா காணாமல் போனால், "சாட்சியக்காவக் கேளு, அவ பாத்திருப்பா" என்பார்கள். பெரியவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "பாத்தேன்தான். யாருன்னு சொன்னா அப்புறம் நீ ஜோடி இல்லாம நிப்ப, பரவாயில்லையா?" என்பாள். கூடமே சிரிக்கும். அப்படிச் சிரிக்க வைக்கிறவள் எதைப் பார்த்தவள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

அவர்கள் பிறந்த நாட்டில், ஒரு கோடைக்காலம் முழுக்க, அவர்களுடைய ஜனத்தை ஊர் ஊராகக் கொன்று தீர்த்தார்கள். இவர்கள் ஊருக்கு முறை வந்தபோது சின்னவள் நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் பிழைத்தாள். பெரியவள் வீட்டில் இருந்தாள். காலையில் ஜீப்பில் வந்த அதிகாரி இவர்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். பெரியவள்தான் தம்ளரில் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றான். பேர் பதிய வேண்டும், எல்லோரும் தானியக் கிடங்குக்கு வாருங்கள் என்று மதியம் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் போனார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். பொழுது சாயும்போது அம்மாவின் உடம்புக்கு அடியிலிருந்து பெரியவள் ஒருத்திதான் வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து அவளால் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இருக்க முடியாது. சலவைக்கூடத்துக் கழிவறைக்குப் போனால்கூட கதவை ஒருக்களித்துத்தான் வைப்பாள், சின்னவள் வெளியே காவல் நிற்க வேண்டும். மூன்றாவது மாடியில் அவள் தனியாகக் குடியிருந்த ஒற்றை அறைக்கும் அதே கதைதான். கதவு எப்போதும் வெறுமனே சாத்தியிருக்கும். சின்னவள் திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

பிழைத்தவர்கள் பலரும் வாயை மூடிக்கொண்டு வாழக் கற்றுக்கொண்டார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. உயிரோடிருப்பதே பெரிய வேலை. பெரியவளுக்கு அது வரவில்லை. சனிக்கிழமை தோறும் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டால் போவாள், கூப்பிடாத கூட்டங்களுக்கும் போவாள். எங்கே பேசினாலும் கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற மாதிரி, குரல் ஏறாமல் இறங்காமல் சொல்வாள். கேட்கிறவர்கள் அழுவார்கள். இவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர்களுக்கு நீட்டுவாள். சின்னவளுக்கு அதுதான் பிடிக்காது. அம்மா செத்ததை ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிறாளே என்று உள்ளுக்குள் எரியும்.

பிறகு அந்த அதிகாரி அகப்பட்டான். வேறொரு நாட்டில் வேறொரு பெயரில், பேரன் பேத்தி எடுத்து, தோட்டம் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தான். வழக்கு எடுத்து நடத்திய வக்கீலம்மா பெரியவளின் அறைக்கே தேடி வந்தார். அவனைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், கையெட்டும் தூரத்தில் முகத்தைப் பார்த்தவள் பெரியவள் மட்டும்தான் என்றார். விசாரணை அடுத்த மாதம். பெரியவள் நேரில் வந்து, இவன்தான் என்று கைகாட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு சின்னவள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும், எடுத்தால் பேச்சிருக்காது. சனிக்கிழமைகளில் தொப்பிக்காரன் ஒருவன் எதிரே நின்று படம் எடுத்தான். இதெல்லாம் அந்நியர்கள் வேலை, பொறுத்துக்கொள்ளலாம். சின்னவளைப் பயமுறுத்தியது சொந்த ஜனத்தில் ஒருவர்தான். நாலு பேருக்கு வேண்டியவர், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். சிரிக்காமல் பேசத் தெரியாது என்பதால் பெரியவள் அவருக்கு சிரிப்புக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். பெரியவளும் அங்கே இருந்த ஒரு மாலை, ஒரு பை நிறையப் பழத்தோடு சின்னவள் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பழசக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? அவனுக்கும் வயசாயிடுச்சு, இன்னிக்கோ நாளைக்கோ போயிடுவான். அங்க நம்ம சொந்தக்காரங்க இன்னும் இருக்காங்க, அவங்களுக்கு ஏதாவது ஆனா?"

பெரியவள் பையை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். "உங்க சொந்தக்காரங்க இருக்காங்க. எனக்கு அங்க யாரும் இல்லீங்களே."

அவர் அதற்கும் சிரித்தார்.

மறுநாள் இயந்திரத்தின் முன்னால் விரிப்பை இழுத்தபடியே சின்னவள் கெஞ்சினாள். "விட்டுடேன் அக்கா. எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்."

"அம்மாவும் ஒருத்திதான் இருந்தா. முனையச் சரியாப் பிடி."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா நீ இருக்கேல்ல? பிடி, சுருங்குது பாரு."

விசாரணைக்கு இன்னும் சில நாட்களே இருந்த ஒரு வாரம், பெரியவள் ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். பயணத்துக்குத் துணிமணி எடுத்து வைக்க வேண்டும் என்றாள். சின்னவள் வேறொருத்தியோடு ஜோடி போட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, மாலையில் வேலை முடிந்ததும் நேராக அக்காவின் அறைக்குப் போனாள். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. கதவு எப்போதும் போலத் தாழிடாமல் இருந்தது. உள்ளே பெரியவள் மேஜைமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்து, தோளைத் தொட்டாள். தொட்ட கைக்கு உடனே தெரிந்துவிட்டது.

சின்னவள் கத்தவில்லை. தொலைபேசியை எடுத்து அவசர உதவிக்குச் சொன்னாள், முகவரியைத் தெளிவாகச் சொன்னாள். போலீசும் வரும் என்றார்கள். சரி என்றாள். வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் மேஜையைப் பார்த்தாள். அக்காவின் முன்னால் பாதி குடித்த தேநீர். எதிரே இன்னொரு கோப்பை, நீலக் கரை போட்டது, விருந்தாளிகளுக்கென்று வைத்திருப்பது. அது காலியாக இருந்தது. அதன் பக்கத்து நாற்காலி பின்னுக்கு நகர்ந்திருந்தது.

கீழே தெருவில் சைரன் சத்தம் கேட்டது. சின்னவளின் கை அந்த நீலக் கரைக் கோப்பையை எடுத்தது. சோப்புப் போட்டுக் கழுவியது. துடைத்து அலமாரியில் கவிழ்த்தது. நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளியது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதைக் கேட்டால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் அவர்கள் ஊரில் பெண்பிள்ளைகள் சமைக்கக் கற்பதற்கு முன்பே கற்றுக்கொண்ட வேலை இது. கொலைகளுக்கு முந்தைய வருஷங்களில் யூனிபார்ம் போட்டவர்கள் வீடு வீடாகப் புகுவார்கள். தட்டை எண்ணித்தான் ஆளை எண்ணுவார்கள். வீட்டில் இருக்கிற தலைகளைவிட ஒரு தட்டு கூடுதலாக இருந்தால், தின்றவன் எங்கே என்று உதைப்பார்கள். ஒருநாள் இவர்களுடைய தாய்மாமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. மாமா பின்சுவர் ஏறிக் குதித்தார். அம்மா அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையோடு போய்க் கதவைத் திறந்தாள். மாமா அன்று பிழைத்தார். யூனிபார்ம் வருகிறதென்றால் வந்துபோனவரின் தடம் இருக்கக் கூடாது. சாவு விழுந்த வீடு என்றால் இன்னும் நிச்சயமாக இருக்கக் கூடாது, அடுத்த சாவு அவருடையதாகிவிடும். சின்னவள் அந்த மாலை யாரோ ஒருவரைக் காப்பாற்றினாள். யாரை என்பது அவளுக்குத் தெரியாது.

பெண் இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னிக்கு யாராவது வந்திருந்தாங்களா?"

"யாரும் வரல" என்றாள் சின்னவள். அதுவும் கையோடு சேர்ந்து பழகிய வாய்தான்.

பெரியவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரைகள் ஜன்னலோரம் இருந்தன. இதயம் நின்றுபோயிருக்கும் என்றார் மருத்துவர். பாதித் தேநீரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உடலைச் சவக்கிடங்குக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் பக்கத்து அறைக்காரி நல்ல மனதோடு வந்து, இடத்தைக் கூட்டி, அந்தப் பாதித் தேநீர்க் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அதை அவள் சொல்லிக் கேட்ட பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். இது அந்த ஊர் அல்ல. வந்தது அந்த யூனிபார்ம் அல்ல. அக்கா சாட்சி சொல்லப் போக இருந்த வாரம், அக்காவோடு உட்கார்ந்து தேநீர் குடித்த ஒருவரை அவள் தன் கையாலேயே துடைத்து எடுத்திருக்கிறாள்.

நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. யாரும் வரலன்னு சொன்னதும் நீதான், கழுவி வச்சதும் நீதான். இப்பப் போய் மாத்திச் சொன்னா உன்னத்தான் உக்கார வச்சுக் கேப்பாங்க. நமக்கு இன்னும் குடியுரிமை வரல. பொண்ணு படிச்சிட்டிருக்கா."

"நாளைக்குக் காலைல உடம்பக் குடுத்துடுவாங்க. அடக்கம் பண்ணிட்டா முடிஞ்சுபோச்சு. மாரடைப்புன்னே ஆயிடும்."

"மாரடைப்பாவே இருந்தா?"

அவர் கெட்டவர் இல்லை. பெரியவள்மேல் உயிராக இருந்தவர், அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் பயம் எல்லோரையும் ஒரே மாதிரிதான் பேச வைக்கிறது. வக்கீலம்மாவும் தொலைபேசியில் ஏறக்குறைய அதையே சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதைக் கண் காது மூக்கு வைத்துப் பெரிதாக்குவார்கள், தங்கை தடயத்தை அழித்தவள் என்றால் அக்காவின் பழைய வாக்குமூலத்தையும் பொய் என்பார்கள் என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "முடிவு உங்களோடதுதாம்மா" என்றார். எல்லோரும் கடைசியில் அதைத்தான் சொல்கிறார்கள்.

காலையில் சவக்கிடங்கில் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். பச்சை ஓடு பதித்த அறை, குளிர் எலும்பில் ஏறியது. பணியாளர் மேலே போர்த்தியிருந்த விரிப்பை முகம்வரை விலக்கினார். சின்னவளின் கண் அக்காவின் முகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த விரிப்புக்குப் போனது. ஓரத்தில் சலவைக்கூடத்தின் முத்திரை இருந்தது. எந்த மூலையிலும் கோணல் இல்லை. அவர்கள் இருவரும் விட்ட விரிப்பாகத்தான் இருக்க வேண்டும். மற்ற ஜோடிகளின் மடிப்பு இப்படி வராது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அக்காமேல், தன்மேல், அம்மா கற்றுக்கொடுத்ததன்மேல், தண்ணீர் வாங்கிக் குடித்தவன்மேல், எல்லார்மேலும் வந்தது.

கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. வாசலில் நின்ற பெண் இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"மேடம், அன்னிக்கு ஒருத்தர் வந்திருந்தாங்க. அக்கா எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்காங்க. அந்தக் கப்ப நான் கழுவிட்டேன்."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்தார். "ஏன் கழுவினீங்க?"

சின்னவள் தட்டு எண்ணிய கதையைச் சொன்னாள். மாமா சுவர் ஏறிய கதையைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு கணவர் பயந்தது அப்படியே நடந்தது. அவளைத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அக்காவோடு சண்டை உண்டா என்றார்கள். தினமும் உண்டு என்றாள். அக்கா செத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்றார்கள். அந்தக் கேள்விக்கு அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டாள். அதையும் யாரோ எழுதிக்கொண்டார்கள்.

அடக்கம் நின்றது. உடலை அறுத்துப் பார்த்தார்கள். அறையிலிருந்த கோப்பைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். பளபளவென்று கழுவிய கோப்பைகளில் என்ன இருக்கும்? வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் விசாரணை நாள் வந்தது. வேறு நாட்டு நீதிமன்றத்தில், பெரியவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அவள் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை வாசிக்கலாமா கூடாதா என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அதிகாரி ஜாமீனில் தோட்டத்துக்குத் திரும்பினான்.

பரிசோதனை முடிவை இன்ஸ்பெக்டரே வந்து சொன்னார். இதயம் நின்றிருக்கிறது, ஏன் நின்றது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இயற்கையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால் இந்தச் சாவு வழக்கை மூட மாட்டார்கள். "வந்தது யாருன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த அடி வைக்க முடியும்" என்றார். "நீங்க வந்து சொல்லலன்னா இதுகூட இல்ல. மாரடைப்புன்னு எழுதியிருப்போம்." ஆறுதலாகத்தான் சொன்னார்.

தாழிடாத கதவுதான், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம். ஆனால் பெரியவள் அந்நியருக்கு நீலக் கரைக் கோப்பையை எடுக்க மாட்டாள். வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்புவாள். தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறார், சொந்த ஜனத்தில் ஒருவர். சிரிப்புக்காரர்தான் என்று சின்னவள் முதலில் முடிவு கட்டினாள். போலீஸ் விசாரித்தது. அவர் அன்று வேறு ஊரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்; மாப்பிள்ளை பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் புகைப்படமே இருந்தது.

அவளுக்கு மிஞ்சியது ஒரு நம்பிக்கைதான். வந்தவர் ஒரு பாவமும் அறியாதவராக இருக்கலாம். வழியனுப்ப வந்து, தேநீர் குடித்து, நலம் விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். பிறகு செய்தி கேட்டு, தன்னைப் போலவே பழைய பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர் வாயைத் திறந்தால் போதும், அக்கா நோயில் செத்தாள் என்று நம்பி அழுதுவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாடகைக் கூடத்தில் அவர்கள் ஜனத்தின் சங்கத்தார் பெரியவளுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். சனிக்கிழமை நடைபாதையில் ஒருநாள்கூட வந்து நிற்காதவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து புகழ்ந்தார்கள். கடைசியில் சின்னவளை இரண்டு வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள்.

"அன்னிக்கு அக்காகூட உக்காந்து டீ குடிச்சது யாரு?" என்றாள் அவள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களக் காப்பாத்தத்தான் அந்தக் கப்பக் கழுவினேன். நம்ம அம்மாமார் எல்லாரும் செஞ்சதத்தான் செஞ்சேன். தப்பு பண்ணாதவங்களா இருந்தா சொல்லுங்க. ஒண்ணும் கேக்க மாட்டேன், கட்டிப் பிடிச்சு அழுதுட்டுப் போயிடுவேன். சொல்லுங்க."

ஒருவரும் எழவில்லை. செயலாளர் மெதுவாக, "உக்காரும்மா, நம்ம ஆளுங்களையே இப்படிக் கேக்கலாமா?" என்றார்.

"நம்ம ஆளுங்கன்னுதானே அக்கா டீ போட்டா."

அவள் உட்காரவில்லை. இறங்கிப் போய் வாசற்படியருகே நின்றுகொண்டாள். வெளியே போக வேண்டியவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கொஞ்ச நேரம் நாற்காலிகள் முனகின. பிறகு ஒரு கிழவி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, "நான் இல்லம்மா" என்றாள். அவளைப் பார்த்து அடுத்தவர் வந்தார். பிறகு வரிசையே வந்தது. சிலர் அழுதுகொண்டு சொன்னார்கள், சிலர் கோபமாகச் சொன்னார்கள். செயலாளர் சொன்னார். சிரிப்புக்காரர் அன்றுதான் முதல் முறையாகச் சிரிக்காமல் சொன்னார். சின்னவள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள், ஒவ்வொருவரையும் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை; இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஜனம் அவ்வளவுதான்.

கூடம் காலியானது. அவள் கணவர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, கடைசி ஆளாக வந்தார். அவள் ஓய்ந்துபோய் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. மற்றவர்களைப் போலவே அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"நானும் இல்லம்மா" என்றார்.

பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் சின்னவள் அவர் முகத்தைப் பார்த்தாள், மற்ற முகங்களைப் பார்த்தது போலவே. இவரை நம்புவதற்கு அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அந்தக் கணத்தை அவரும் பார்த்துவிட்டார். கையை விட்டுவிட்டு, விளக்குகளை அணைக்க உள்ளே போனார்.